செபக்குழு எதற்காக? அருங்கொடை இயக்கத்தின் நோக்கமும் ஆன்மிக வாழ்வும்

கத்தோலிக்கப் பங்குகளில் பக்த சபைகளுக்குப் பஞ்சமில்லை. மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, இளைஞர் இயக்கம், தெருவுக்குத் தெரு அன்பியம் என்று எல்லாமே இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே அருங்கொடை இயக்கத்தின் ‘கரிஸ்மாட்டிக் செபக்குழு’ என்று தனியாக ஒன்று எதற்கு? அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வி ஓயவில்லை. பங்குத்தந்தையர் கேட்கிறார்கள், பேரவை உறுப்பினர்கள் கேட்கிறார்கள், குழுவில் பல ஆண்டுகள் இருந்து களைத்துப்போனவர்களும் கேட்கிறார்கள்.

பொதுவாக மூன்று பதில்கள் வருகின்றன. நோய் தீரவும் கடன் தீரவும் செபிக்கும் இடம் அது என்பது ஒன்று. இறுகிப்போன வழிபாட்டில் கிடைக்காத மகிழ்ச்சியும் உணர்வும் அங்கே கிடைக்கின்றன என்பது இரண்டாவது. பெந்தக்கோஸ்து சபைகளுக்கு மக்கள் போய்விடாமல் தடுக்கும் வேலி என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே பக்க விளைவுகளை நோக்கமாக எடுத்துக்கொள்கின்றன. இயக்கத்தின் வரலாற்றையும், இறையியலாளர்கள் நடத்திய விவாதங்களையும், திருச்சபை தந்த வழிகாட்டுதல்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு பதில் தெளிவாகிறது. திருமுழுக்கில் பெற்ற தூய ஆவியை ஒருவர் தம் வாழ்வில் உணர்ந்து, அந்த ஆவியின் வல்லமையோடு பங்குக்கும் ஏழைக்கும் பணி செய்யப் புறப்படுவதே செபக்குழுவின் நோக்கம். மற்ற எல்லாவற்றையும் இந்த நோக்கத்தைக் கொண்டே அளக்க வேண்டும்.

1967க்கு முன்னும் பின்னும்

இயக்கத்தின் தொடக்கம் 1967 என்று சொல்வது வழக்கம். வேர் அதற்கு முந்தியது. இத்தாலியின் லூக்கா நகரில் வாழ்ந்த எலேனா குவேரா என்ற துறவி, தூய ஆவியாரைத் திருச்சபை மறந்துபோயிற்றே என்ற ஏக்கத்தோடு 1895 முதல் திருத்தந்தை 13ஆம் லியோவுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். லியோ செவிசாய்த்தார். 1897இல் தூய ஆவியார் குறித்துச் சுற்றுமடல் வெளியிட்டார். பெந்தக்கோஸ்து பெருவிழாவுக்கு முன் நவநாள் செபிக்கும்படி திருச்சபை முழுவதையும் கேட்டுக்கொண்டார். 1901 சனவரி 1 அன்று புதிய நூற்றாண்டைத் தூய ஆவியாருக்கு ஒப்புக்கொடுத்தார். அதே நாளில் அமெரிக்காவின் டொபீக்கா நகர விவிலியப் பள்ளி ஒன்றில் நிகழ்ந்ததைத்தான் பெந்தக்கோஸ்து சபையினர் பலர் தங்கள் தொடக்கமாகக் கருதுகிறார்கள். எலேனா குவேராவைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 அக்டோபர் 20 அன்று புனிதராக அறிவித்தார்.

அடுத்த பெரிய திருப்பம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். சங்கத்தைக் கூட்டிய திருத்தந்தை 23ஆம் யோவான், நம் காலத்தில் ஒரு புதிய பெந்தக்கோஸ்து வேண்டும் என்று செபித்தார். சங்கத்துக்குள் தூய ஆவியார் தரும் அருங்கொடைகள் பற்றிக் கடுமையான விவாதம் நடந்தது. அவை தொடக்கத் திருச்சபைக்கு உரியவை, இன்று மிக அரிது என்று கர்தினால் ருஃபீனி வாதிட்டார். பெல்ஜியத்தின் கர்தினால் சூனென்ஸ் 1963 அக்டோபரில் எழுந்து, அருங்கொடைகள் ஒவ்வொரு தலைமுறைத் திருச்சபைக்கும் தேவையானவை, பொதுநிலையினருக்கும் உரியவை என்று பேசினார். அவர் கருத்தே நின்றது. 1964இல் வெளிவந்த ‘திருச்சபை’ கோட்பாட்டு விளக்கத்தின் 12ஆம் எண், தூய ஆவியார் எல்லா நிலையினருக்கும் சிறப்பு அருள்களைப் பகிர்ந்தளிக்கிறார் என்றும், அவற்றை நன்றியோடு ஏற்க வேண்டும் என்றும், ஆய்ந்து தெளியும் பொறுப்பு திருச்சபைத் தலைவர்களுக்கு உரியது என்றும் கற்பிக்கிறது. செபக்குழுக்களுக்குக் கோட்பாட்டு அடித்தளம் இந்தப் பத்திதான்.

இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1967 பிப்ரவரி 17 முதல் 19 வரை, தூய ஆவி சபைக் குருக்கள் நடத்தும் டியூகேன் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து பேர் பிட்ஸ்பர்க் அருகே ஒரு தியான இல்லத்தில் கூடினார்கள். திருத்தூதர் பணிகள் நூலின் முதல் நான்கு அதிகாரங்களை வாசித்து வந்திருந்தார்கள். சனிக்கிழமை இரவு ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு ஏற்பாடு. அதற்கு மாறாக, ஒருவர்பின் ஒருவராக மாடியிலிருந்த சிற்றாலயத்துக்குப் போய் நற்கருணை முன் முழந்தாளிட்டார்கள். சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள், சிலர் தாங்கள் அறியாத மொழியில் இறைவனைப் புகழ்ந்தார்கள். அது நற்கருணை முன்னிலையில் நிகழ்ந்தது. யாரும் திருச்சபையை விட்டு வெளியேறவில்லை. மாறாக, அருளடையாளங்கள்மேல் புதிய பசி பிறந்ததாகவே அவர்கள் சாட்சி சொன்னார்கள். அதனால்தான் இது கத்தோலிக்க இயக்கமாகவே வளர முடிந்தது.

பரவிய வேகம் வியப்பூட்டுவது. நோத்ர் தாம், மிச்சிகன் பல்கலைக்கழக ஊர்கள் சில வாரங்களிலேயே பற்றிக்கொண்டன. 1975 மே 19 அன்று, பெந்தக்கோஸ்துக்கு மறுநாள், உரோமையில் புனித பேதுரு பேராலயத்தில் கூடிய ஏறத்தாழ 10,000 பேரைச் சந்தித்த திருத்தந்தை 6ஆம் பவுல், இத்தகைய ஆன்மிகப் புதுப்பித்தல் திருச்சபைக்கும் உலகுக்கும் நல்வாய்ப்பு என்று ஏற்றுக்கொண்டார். இந்தியாவில் 1972இல் மும்பையில் குழுக்கள் தொடங்கின. மும்பையின் இயேசு சபைக் குரு ஃபியோ மஸ்கரேனஸ் பின்னர் உலக அளவிலான ஒருங்கிணைப்புப் பணிக்கே தலைமை தாங்கினார். கேரளத்தின் போட்டாவில் வின்சென்ஷியன் சபைக் குருக்கள் தொடங்கிய பணி, 1990இல் சாலக்குடி ஆற்றங்கரையில் முரிங்ஙூர் தெய்வீகத் தியான மையமாக விரிந்தது. வாரந்தோறும் பல மொழிகளில் நடக்கும் அந்தத் தியானங்களில் தமிழும் ஒன்று. தமிழகத்தின் பல செபக்குழுக்களில் மூத்தவர்களைக் கேட்டால், ‘போட்டாவுக்குப் போய்வந்த பிறகுதான்’ என்று தொடங்குவார்கள். இன்று உலகெங்கும் 12 கோடிக் கத்தோலிக்கர்களை இது தொட்டிருக்கிறது என்பது இயக்கத்தின் மதிப்பீடு.

ஒரு கூட்டத்தின் உள்ளமைப்பு

இவ்வளவு பெரிய இயக்கத்துக்கு நிறுவனர் என்று யாரும் இல்லை. உறுப்பினர் அட்டை இல்லை. பொதுவான வாக்குறுதி இல்லை. வாரக் கூட்டம்தான் அதன் அடிப்படை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீளும் கூட்டம் ஊருக்கு ஊர் மாறினாலும் உள்ளமைப்பு ஒன்றே: பாடலோடு கூடிய இறைபுகழ்ச்சி, அமைதி, இறைவார்த்தை, போதனை, சாட்சியம், பரிந்துரை மன்றாட்டு.

இந்த வரிசை காரணத்தோடு அமைந்தது. நம் இயல்பான செபம் விண்ணப்பத்தில்தான் தொடங்குகிறது. மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை என்று பட்டியல் போடுகிறோம். செபத்தின் நடுவில் நாம் இருக்கிறோம். கடவுள் நம் தேவைக்கு உதவ வருபவராக நிற்கிறார். புகழ்ச்சி இந்த இடங்களை மாற்றுகிறது. என்ன கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் கடவுள் என்பதற்காகவே அவரைப் போற்றுவது, தன்னைப் பற்றிய நினைப்பிலிருந்து மனிதரை விடுவிக்கிறது. திருப்பாடல்களில் புலம்பித் தொடங்கியவர் புகழ்ந்து முடிக்கும் பாடல்கள் பல; துயரத்தை மறைத்துவிட்டு அவர் புகழவில்லை, துயரத்தோடுதான் புகழ்கிறார். விண்ணப்பங்கள் கடைசியில் வரும்போது அவையும் வேறு நிறம் பெறுகின்றன. தன் வீட்டுக் கவலையோடு வந்தவர் பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் செபிக்கிறார்.

புகழ்ச்சிக்குப் பின் வரும் அமைதிதான் நம் குழுக்களில் முதலில் காணாமல்போகும் பகுதி. கீபோர்டும் ஒலிபெருக்கியும் ஓய்ந்த அந்தச் சில நிமிடங்களில்தான் குழு கேட்கக் கற்றுக்கொள்கிறது. ஓர் இறைவசனம், ஓர் எச்சரிப்பு, ஓர் ஆறுதல் யார் வாயிலிருந்தாவது வரலாம். எதுவும் வராமலும் போகலாம். வராத நாளில் வலிந்து பேசாதிருக்கத் தெரிந்த குழுவே முதிர்ந்த குழு.

சாட்சியத்துக்கும் ஒழுங்கு உண்டு. சுருக்கமாக, கடவுள் செய்ததைப் பற்றி, பிறர் பெயரைக் கெடுக்காமல் சொல்ல வேண்டும். பழைய பாவங்களை நீட்டி முழக்குவதும் மருமகளின் குறையைப் பொதுவில் அவிழ்ப்பதும் சாட்சியம் ஆகா. தமிழகக் குழுக்களில் சாட்சியத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கோவிலில் ஒருபோதும் ஒலிவாங்கியைத் தொடாத பெண்கள், கூலிவேலை செய்பவர்கள், எழுத்தறிவு குறைந்த முதியவர்கள் இங்கே எழுந்து நின்று தங்கள் நம்பிக்கையைத் தங்கள் சொற்களில் சொல்கிறார்கள். பொதுநிலையினரின் குரல் பற்றிச் சங்கம் எழுதியது, பல பங்குகளில் முதன்முதலாகச் செயலுக்கு வந்தது இந்தச் செபக்கூட்டங்களில்தான்.

தூய ஆவியில் திருமுழுக்கு: நீடிக்கும் விவாதம்

ஒருவர் குழுவில் சேர்ந்ததும் பெரும்பாலும் ஏழு வாரம் நீளும் ‘தூய ஆவியில் வாழ்வு’ கருத்தரங்கு வழியாக நடத்தப்படுகிறார். இறையன்பு, மீட்பு, புதுவாழ்வு, மனமாற்றம் என்று படிப்படியாகச் சென்று, ஐந்தாம் வாரத்தில் அவர் தலைமேல் கைவைத்து, தூய ஆவியின் நிறைவுக்காகச் செபிக்கிறார்கள். அந்த அனுபவத்தையே ஆவியில் திருமுழுக்கு என்கிறார்கள். நம் ஊரில் ‘அபிஷேகம் பெறுவது’ என்றும் சொல்வார்கள்.

குழந்தையாக இருந்தபோதே திருமுழுக்கும் பின்னர் உறுதிபூசுதலும் பெற்றவருக்கு இது எதற்கு? இக்கேள்விக்கு இறையியலாளர்கள் மூன்று வகையாக விடை தந்திருக்கிறார்கள். கர்தினால் சூனென்ஸின் அழைப்பின்பேரில் 1974இல் மெக்கலன் நகரில் உருவான ஆவணம், அருளடையாளங்களில் ஏற்கெனவே பெற்ற அருள் இப்போது உணர்வு நிலைக்கு வருகிறது என்றது. உரோமையில் பேராசிரியராக இருந்த இயேசு சபைக் குரு ஃபிரான்சிஸ் சல்லிவன் இதை ஏற்கவில்லை. ஒருவர் அருள்வாழ்வில் புதிய நிலைக்கு உயரும்போதெல்லாம் தூய ஆவியார் புதிதாக அனுப்பப்படுகிறார் என்ற புனித தாமஸ் அக்குவினாஸின் போதனையைச் சுட்டி, இது மெய்யாகவே புதியதோர் அருள்பொழிவு என்றார். 1991இல் கிலியன் மக்டானலும் ஜார்ஜ் மான்டேக்கும் திருச்சபைத் தந்தையரிடம் சென்றார்கள். திருமுழுக்கு நீரிலிருந்து எழுந்ததும் கைகளை விரித்து அருங்கொடைகளைக் கேளுங்கள் என்று இரண்டாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி தெர்த்துல்லியன் புதுக்கிறித்தவர்களுக்குச் சொல்லியிருப்பதைக் காட்டி, இது தொடக்கக்காலப் புகுமுகச் சடங்குகளின் இயல்பான பகுதியே என்று வாதிட்டார்கள்.

மூன்று விளக்கங்களுக்கும் பொதுவான ஒன்றைக் குழுக்கள் மறக்கக் கூடாது. இது எட்டாவது அருளடையாளம் அன்று. இதைப் பெற்றவர் முதல்தரக் கிறித்தவர், பெறாதவர் இரண்டாம்தரம் என்ற பிரிவினைக்கு மூன்றிலும் இடமில்லை. மலர்களைப் பறித்துக் கும்பிட்ட பாட்டியும், ஒரு நாள்கூட விடாமல் செபமாலை சொன்ன தாத்தாவும் தூய ஆவியில்லாமலா செபித்தார்கள்? அபிஷேகம் பெற்றவர் அவர்களைவிட உயர்ந்தவர் அல்லர். அவர்களிடம் அமைதியாக வேலை செய்த ஆவியாரைத் தம்மிடமும் கண்டுகொண்டவர். நாற்பத்துநான்கு ஆண்டுகள் திருத்தந்தையர் இல்லத்தின் மறையுரையாளராகப் பணியாற்றிய கப்புச்சின் துறவி ரனியேரோ கந்தலாமேஸ்ஸா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1977இல் அமெரிக்காவில் தயக்கத்தோடும் சந்தேகத்தோடும் செபக்குழுவினரிடையே சென்றவர், முன்பே படித்துப் பட்டம் பெற்ற இறையியலைப் பிறகு உயிருள்ள வார்த்தையாக அறிவிக்கத் தொடங்கினார்.

அருங்கொடைகளும் அவற்றின் அளவுகோலும்

ஆன்மிக வாழ்வில் மூன்று தொகுதிகளைப் பிரித்தறிவது பயன் தரும். எசாயா 11 சொல்லும் ஞானம், நுண்மதி, அறிவுரைத்திறன் போன்ற ஏழு கொடைகள் அவரவர் தூய்மைக்காகத் தரப்படுகின்றன. 1 கொரிந்தியர் 12 வரிசைப்படுத்தும் குணமளித்தல், இறைவாக்கு, பரவசப்பேச்சு முதலான ஒன்பது அருங்கொடைகள் பொதுநன்மைக்காகத் தரப்படுகின்றன. கலாத்தியர் 5 கூறும் அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை முதலான ஒன்பது கனிகள் காலப்போக்கில் வளர்கின்றன. அருங்கொடை ஒரே இரவில் வரலாம். கனி அப்படி வராது. ஆகவே, ஒருவரிடம் அருங்கொடை இருப்பது அவர் புனிதர் என்பதற்குச் சான்று ஆகாது. கொரிந்து நகரத்தார் எல்லா அருங்கொடைகளும் நிறைந்தவர்களாக இருந்துகொண்டே கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள். பவுல் அவர்களுக்கு எழுதியதே நமக்கும் பாடம்.

பரவசப்பேச்சைப் பவுல் தடைசெய்யவில்லை, ஆனால் ஒழுங்குபடுத்தினார். சபையில் இருவர் மூவர் பேசட்டும், விளக்குபவர் இல்லையேல் அமைதியாக இருக்கட்டும் என்றார். புரியாத பல்லாயிரம் சொற்களைவிடப் பிறருக்கு அறிவூட்டும் ஐந்து சொற்கள் மேல் என்றார். இறைவாக்கு சொன்னாலும் மற்றவர்கள் அதைச் சீர்தூக்க வேண்டும் என்றார். ‘ஆண்டவர் சொல்கிறார்’ என்று தொடங்கிவிட்டால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்ற எண்ணம் விவிலியத்துக்கே முரணானது. இன்னாரைத் திருமணம் செய், இந்த நிலத்தை விற்றுவிடு என்று தனிமனிதர் வாழ்வில் கட்டளையிடும் ‘இறைவாக்கு’களை நல்ல குழு எதுவும் அனுமதிப்பதில்லை.

குணமளித்தல்தான் மக்களை அதிகம் ஈர்ப்பது. டொமினிக்கன் குடியரசில் பணியாற்றிய கனடா நாட்டுக் குரு எமிலியானோ தார்திஃப், 1973இல் காசநோயால் படுக்கையில் கிடந்தபோது செபக்குழுவினர் சிலர் வந்து செபித்தார்கள். நலமடைந்த அவர் 1999இல் இறக்கும்வரை உலகெங்கும் நோயாளிகளுக்காகச் செபித்தார். கடவுள் இன்றும் குணமாக்குகிறார் என்பதை மறுக்கத் திருச்சபைக்கு எக்காரணமும் இல்லை. 2000 செப்டம்பர் 14 தேதியிட்ட விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் அறிவுறுத்தல், நலத்துக்காகச் செபிப்பது நல்லது என்றே தொடங்குகிறது. அதற்கு மேல் சில வரம்புகளை விதிக்கிறது: திருப்பலிக்குள் தனியான குணமளிக்கும் செபங்களைப் புகுத்தக் கூடாது, வெறியுணர்ச்சியும் நாடகத்தனமும் பரபரப்பும் கூடாது, குணம் நிகழ்ந்ததாகத் தெரிந்தால் சாட்சியங்களை முறையாகச் சேகரித்துத் திருச்சபை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், பேயோட்டும் சடங்கு ஆயரின் அனுமதியின்றி யாருக்கும் உரியதன்று.

தமிழ்ச் சூழலில் இந்த வரம்புகளுக்குக் கூடுதல் அவசரம் உண்டு. பில்லி, சூனியம், ஏவல் என்ற அச்சம் நம் ஊர்களில் மதம் கடந்து வேரூன்றியிருக்கிறது. ‘உங்கள் வீட்டில் ஏதோ இருக்கிறது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் குடும்பமே குலைந்துபோகும். யார் வைத்தார்கள் என்ற சந்தேகம் அண்ணன் தம்பியைப் பிரிக்கும். தலைமுறைச் சாபம் என்ற போதனையும் இப்படித்தான். போலந்து, ஸ்பெயின் நாட்டு ஆயர்கள் இதை வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார்கள். தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரமே சொல்லியிருக்க, பிறவிப் பார்வையற்றவரைப் பார்த்து இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்ட சீடர்களை இயேசுவே மறுத்திருக்க, மூதாதையர் சாபத்தை வெட்டும் செபம் எங்கிருந்து வந்தது? மருந்தை நிறுத்து என்று சொல்லும் ‘விசுவாசமும்’ இதே வகை. மனநலச் சிகிச்சை தேவைப்படுபவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், கூடவே அவருக்காகச் செபிப்பதும்தான் அன்பு. குணமாகாதவரிடம் ‘உனக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்வது கொடுமை. முள் ஒன்றை நீக்கும்படி மும்முறை வேண்டியும் அது நீங்காமலேயே வாழ்ந்த பவுலுக்கா விசுவாசம் இல்லாமல் இருந்தது?

வறட்சிக் காலம் என்னும் பள்ளி

முதல் ஓராண்டு பெரும்பாலும் எளிது. விவிலியம் இனிக்கிறது, பாடல் கண்ணீர் வரவழைக்கிறது, அதிகாலையில் தானாக விழிப்பு வருகிறது. பிறகு ஒருநாள் எல்லாம் உலர்ந்துபோகிறது. கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கிப் பாடும்போது தனக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லை. இந்த இடத்தில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: குழுவை விட்டு நின்றுவிடுகிறார்கள், அல்லது பழைய உணர்வைத் தேடி ஒரு தியான மையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறார்கள்.

கத்தோலிக்க மரபு இங்கே பெரும் துணை. சிலுவையின் புனித யோவான் இந்த இருளைக் கடவுள் நடத்தும் தூய்மைப்படுத்துதலாகக் கண்டார். புனித இஞ்ஞாசியார், வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்ற வேண்டாம், செபத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள் என்று அறிவுறுத்தினார். பரிசுகளைத் தேடி வந்தவர் பரிசு தருபவரை நேசிக்கக் கற்பது இந்தக் காலத்தில்தான். உணர்ச்சிப் பெருக்கை மட்டுமே அறிந்த குழுவால் தன் உறுப்பினரை இதன் வழியே கைப்பிடித்து நடத்த முடியாது. ஆகவே நல்ல குழுக்கள் வாரக் கூட்டத்தோடு நிற்பதில்லை. அன்றாடம் குறிப்பிட்ட நேரம் தனிச்செபம், விவிலியத்தைத் தொடர்ந்து வாசித்தல், ஒழுங்கான ஒப்புரவு அருளடையாளம், ஞாயிறு திருப்பலியை எதற்காகவும் விடாமை, நோன்பு, ஆன்மிக வழிகாட்டி ஒருவர் என்று ஒரு வாழ்க்கைமுறையைக் கட்டியெழுப்புகின்றன. மேல்மாடியில் திருத்தூதர்களோடு செபித்திருந்த மரியாவின் துணையும் இதில் அடங்கும். அன்னையை ஓரம்கட்டிய குழு மெல்ல மெல்லத் திருச்சபையையும் ஓரம்கட்டும் என்பது பல ஊர்களில் கண்கூடு.

தலைமையும் எல்லைகளும்

குழுவை வழிநடத்தும் மையக்குழுவைப் பொறுத்தே எல்லாம் அமையும். பாடல், போதனை, பரிந்துரை செபம், வரவேற்பு என்று பணிகளைப் பகிர்ந்துகொள்வதும், கூட்டத்துக்கு முன் தாங்கள் தனியே கூடிச் செபிப்பதும், முடிந்தபின் நடந்ததைச் சீர்தூக்குவதும் அவர்கள் கடமை. இதில் தவறிய வரலாறும் இயக்கத்துக்கு உண்டு. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் தோன்றிய ‘வேர்ட் ஆஃப் காட்’ சமூகம் ஒருகாலத்தில் உலகெங்கும் குழுக்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. உறுப்பினரின் தனிவாழ்வுமீது தலைவர்களுக்கு இருந்த அதிகாரம் குறித்து எழுந்த விவாதத்தில் 1990களின் தொடக்கத்தில் அது பிளவுபட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் இயக்கத்தினரிடம் பேசியபோது, பொறுப்புகளுக்குக் கால வரம்பு வேண்டும், யாரும் தவிர்க்க முடியாதவர் ஆகிவிடக் கூடாது என்று வலியுறுத்தினார்.

அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. தொடக்கத்தில் அவருக்கே இந்த இயக்கம் பிடிக்கவில்லை. வழிபாட்டைச் சம்பா நடனப் பள்ளியோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று அப்போது எண்ணியதாக அவரே பின்னாளில் சொன்னார். அருகிலிருந்து கனிகளைக் கண்டபின் மனம் மாறி, அர்ஜென்டினா ஆயர் பேரவையின் சார்பில் இயக்கத்தின் பொறுப்பையே ஏற்றார். விலகி நின்று சந்தேகப்படும் பங்குத்தந்தையருக்கு இதில் செய்தி உண்டு. மேய்ப்பரின் பார்வையற்ற குழு தடம் மாறுவது எளிது. பங்குத்தந்தை மாதம் ஒருமுறையாவது வந்து அமர்ந்து, விவிலியம் கற்பித்து, தவறைத் திருத்தினால் பாதிச் சிக்கல்கள் எழவே எழா. அருங்கொடைகளும் திருநிலையினரின் பணியும் ஒன்றையொன்று சார்ந்தே திருச்சபையைக் கட்டுகின்றன என்று 2016இல் வெளியான ‘இளமை பெறும் திருச்சபை’ என்னும் திருப்பீட மடலும் கற்பிக்கிறது.

பெந்தக்கோஸ்து சபைகளோடுள்ள உறவும் இங்கே பேசப்பட வேண்டியது. ஒருகாலத்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸ் அவர்களின் பாடல்கள் இல்லாத தமிழ்ச் செபக்குழுவைக் காண்பது அரிது. குழுவிலிருந்து பிற சபைகளுக்குச் சென்றவர்களும் உண்டு, சோர்ந்திருந்த நிலையிலிருந்து குழுவின் வழியாகத் திருப்பலிக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் அச்சத்தில் வேலி கட்டுவது இயக்கத்தின் பிறப்புக்கே பொருந்தாது. 1977இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் பல சபைகளைச் சேர்ந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றாகச் செபித்தார்கள். தன் கத்தோலிக்க நம்பிக்கையை நன்கு கற்றவரே பிறரோடு அச்சமின்றிச் செபிக்க முடியும். அதற்குத் தேவை நல்ல மறைக்கல்வி.

மண்டபத்துக்கு வெளியே

1972இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரச் செபக்குழு ஒன்று, இயேசு சபைக் குரு ரிக் தாமஸின் வழிநடத்தலில், லூக்கா 14ஆம் அதிகாரத்தை வாசித்தது. விருந்துக்கு உறவினரை அழைக்காமல் ஏழைகளை அழைக்கச் சொல்லும் பகுதி அது. நாம் இதை ஒருபோதும் செய்ததில்லையே என்று அவர்களுக்கு உறைத்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் அன்று எல்லை தாண்டி மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரக் குப்பைமேட்டுக்கு உணவோடு போனார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களோடு அமர்ந்து உண்டார்கள். ஒரு நாளோடு அது முடியவில்லை; உணவு வழங்கல், மருத்துவ உதவி என்று பல ஆண்டுகள் தொடர்ந்தது. அந்தக் குழுவின் இறைபுகழ்ச்சி போலியானது என்று யாராலும் சொல்ல முடியாது.

கர்தினால் சூனென்ஸ், பிரேசில் ஏழைகளின் பேராயர் எல்டர் கமாராவோடு இணைந்து 1979இல் எழுதிய நூலின் மையமும் இதுவே. செபிப்பவர்களும் நீதிக்காக உழைப்பவர்களும் ஒருவரையொருவர் ஐயுறுவது இருவருக்கும் இழப்பு என்று இருவரும் எடுத்துரைத்தார்கள். கேரளக் குழுக்களின் பின்புலத்தில் 1985இல் வடிவம் பெற்ற ‘ஜீசஸ் யூத்’, செபத்தையும் இளைஞர் பணியையும் இணைத்து வளர்ந்து, 2016இல் திருப்பீட ஏற்பு பெற்றது. இயக்கத்தின் பணிகளை ஒருங்கிணைக்க 2019 பெந்தக்கோஸ்து பெருவிழாவில் செயல்படத் தொடங்கிய ‘காரிஸ்’ அமைப்பிடம் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்றே மூன்றைத்தான் எதிர்பார்த்தார்: தூய ஆவியில் திருமுழுக்கை எல்லோருடனும் பகிர்வது, கிறித்தவர்களின் ஒன்றிப்புக்கு உழைப்பது, ஏழைகளுக்குப் பணி செய்வது.

தமிழகக் குழுக்கள் மூன்றாவதைக் குறித்துத் தங்களையே கடுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாதிக்கு ஒரு கல்லறை என்று பிரிந்து கிடக்கும் ஊரில், ஒரே ஆவியில் பாடிவிட்டு அவரவர் தெருவுக்குத் திரும்பிப் போவது பெந்தக்கோஸ்து ஆகாது. பல மொழியினர் ஒன்றாகப் புரிந்துகொண்ட நாள் அது. குடியால் சீரழிந்த வீட்டுக்கு, தனித்து விடப்பட்ட முதியவருக்கு, சிறையில் இருப்பவருக்கு, குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்திய குடும்பத்துக்குச் செபக்குழு போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி.

கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2003ஆம் எண், அருங்கொடைகள் எவ்வளவு வியத்தகு வடிவம் எடுத்தாலும் அன்புப் பணிக்கே உரியவை என்று கற்பிக்கிறது. ஆகவே ஒரு குழு ஆண்டு முடிவில் தன்னை அளந்து பார்க்க விரும்பினால், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. நம்மில் யார் பேசாமல் இருந்த உறவோடு மீண்டும் பேசினார்கள்? யார் மறைக்கல்வி ஆசிரியராக, வின்சென்ட் தே பவுல் உறுப்பினராக, அன்பியத் தொண்டராகப் புறப்பட்டார்கள்? யார் வறட்சியிலும் செபத்தைக் கைவிடவில்லை? யாருடைய வீட்டில் பெண்ணுக்கும் வேலையாளுக்கும் மதிப்பு கூடியது? இவற்றுக்கு விடை உண்டென்றால் அந்தக் குழு சிறியதானாலும், அதன் பாடல் சுருதி சேராமல் போனாலும், அது தன் வேலையைச் செய்கிறது. நல்ல உறுப்பினர்களைப் பங்கின் பல பணிகளுக்குக் கொடுத்துக் கொடுத்து ஒரு குழு மெலிந்துபோனால் அதை யாரும் தோல்வி என்று எண்ண வேண்டாம். செபக்குழு ஏற்படுத்தப்பட்டது அதற்காகத்தான்.